அப்பா எடுத்தால் மட்டும் மணக்கிற கார்

வெள்ளிக்கிழமை காலையில் திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்வந்த அப்பா, காரைக் கொட்டகையில் விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்: "பெற்றோல் மணக்கிறது." போய்ப் பொனற்றைத் திறந்து பார்த்தேன். சூடான எஞ்சின், பழைய எண்ணெய்ப் பிசுக்கு, தூசி. பெற்றோல் மணம் இல்லை. அன்று பின்னேரம் நானே காரை எடுத்து உவர்மலையிலிருந்து இறங்கி, உள்துறைமுக வீதியால் ஒரு சுற்றுப் போய் வந்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அடுத்த வெள்ளி மறுபடியும் அதே முறைப்பாடு. மூன்றாவது வெள்ளி அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எடுத்தால் மணக்காது, நான் எடுத்தால்தான் மணக்கும் போலிருக்கிறது" என்றார். எழுபத்தெட்டு வயதில் மூக்கு ஏதோ விளையாட்டுக் காட்டுகிறது என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவால் கிட்டத்தட்ட ஒரு மாதம் வீணானது.

கார் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். 1098 சிசி எஞ்சின், பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற ஒற்றை எஸ்யூ காபரேற்றர், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. அப்பா கணித ஆசிரியராக இருந்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் காரில் கழற்றிப் பூட்டக்கூடியவற்றில் பாதியைச் சிறுவயதிலிருந்தே கழற்றிப் பூட்டியிருக்கிறேன். இதில் கணினி கிடையாது, எச்சரிக்கை விளக்கும் அதிகம் கிடையாது. எது பழுதானாலும் சத்தமாகவோ மணமாகவோதான் சொல்லும்.

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது இந்தக் கார் மாதக்கணக்கில் கொட்டகையை விட்டு நகரவில்லை. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நிற்க, இந்தப் பக்கம் ஊர் முழுவதும் போத்தலோடு அலைந்தது. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோதும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அப்பா அதைத் தாங்கியிலேயே வைத்துக்கொண்டார். அப்படிச் சும்மா கிடந்த காலத்தில் காபரேற்றருக்குள் இருந்த பெற்றோல் ஆவியாகிப் போக, அதில் ஊறிக்கொண்டிருக்க வேண்டிய ரப்பர் துண்டுகள் காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். இது பிறகு விளங்கிய சங்கதி.

முதலில் நான் செய்த பிழை, நண்பகலில் தேடியது. ஆடி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசுகிற நேரம், எஞ்சினும் ஓடிவந்த சூடு. பெற்றோல் கழித்தல் 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிற திரவம். சூடான இரும்பில் ஒரு சொட்டு விழுந்தால் நாம் பொனற்றைத் தூக்கி, தாங்குகம்பியைச் செருகி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது காற்றோடு போய்விடும். எண்ணெய்க் கசிவைப்போலக் கறுப்புத் தடம் வைத்துவிட்டுப் போகாது. ஈரம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று நினைத்தேன்.

அப்பா விடவில்லை. நான் இல்லாத ஒரு நாள், கண்டி வீதிப் பக்கம் உள்ள ஒரு கராஜுக்குத் தானே கொண்டுபோய்விட்டார். அங்கே பம்பிலிருந்து காபரேற்றருக்கு வருகிற பெற்றோல் ஓஸை மாற்றினார்கள். பழைய கறுப்பு ரப்பருக்குப் பதிலாகக் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய். "உள்ளே பெற்றோல் ஓடுவது தெரியும் சேர்" என்றார்களாம். காபரேற்றருக்குக் கீழேயும் ஒரு நட்டை "நன்றாக இறுக்கிவிட்டோம்" என்றார்களாம். இந்தக் கடைசி வாக்கியத்தை அப்பா போகிற போக்கில் சொன்னார், நானும் போகிற போக்கில் கேட்டேன்.

மூன்று வாரம் போனது. இப்போது நான் எடுத்தாலும் மணந்தது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. இந்த எஞ்சினில் காபரேற்றரும் புகைக்குழாயும் ஒரே பக்கம். மேலே பெற்றோல் கிண்ணம், கீழே கொதிக்கிற இரும்பு. அதுவும் போகட்டும், பெற்றோல் ஆவி காற்றைவிடப் பல மடங்கு பாரமானது; மேலே கலைந்து போகாமல் நிலத்தோடு தவழ்ந்து போகும். எங்கள் கொட்டகைக்கும் முன்விறாந்தைக்கும் நடுவே ஒரு படிதான். அந்த விறாந்தையில்தான் அம்மா ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரத்தில் நுளம்புத்திரி கொளுத்தி வைப்பார், வெள்ளிக்கிழமையென்றால் சாம்பிராணியும். அன்றே காரைத் தள்ளி முற்றத்து வேப்பமரத்தின் கீழ் விட்டேன். காரணத்தைச் சொன்னதும் அம்மா, "இதை இரண்டு மாதத்துக்கு முன்பே அப்பா சொன்னாரே" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குத் தொடங்கினேன். எஞ்சின் இரவு முழுதும் ஆறிக் கிடந்தது, காற்றும் எழவில்லை. பக்கத்தில் ஒரு வாளி மணலும் உலர்தூள் தீயணைப்புக் குப்பியும் வைத்தேன். பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கிற பூமிக் கம்பியை முதலில் கழற்றினேன். இந்தக் காருக்கு நேர்முனைதான் பூமி, இன்றைய கார்களுக்கு எதிர். புதிதாகக் கை வைக்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். வெளிச்சத்துக்குப் பற்றரியில் ஓடுகிற சிறிய டோர்ச் மட்டும் வைத்துக்கொண்டேன். வீட்டு மின்சாரத்தில் எரிகிற வேலைவிளக்கு ஒன்று இருக்கிறது. குமிழ் உடைந்தால் அதுவே போதும் என்பதால் அதைத் தொடவில்லை.

கசிவைத் தேடுமுன் கழுவ வேண்டும். கராஜ்களில் டீசலும் மண்ணெண்ணெயும் அடித்துக் கழுவுவார்கள், பளபளவென்று வரும். ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு எந்த மணம் எதன் மணம் என்று பிரிக்க முடியாது. ஆகவே சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும்தான். தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டருக்குப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டிவிட்டு, பம்ப், ஓஸ், காபரேற்றரின் அடிப்பாகம், அதன் கீழுள்ள இரும்பு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். வெயில் ஏறும்வரை காய விட்டேன்.

பிறகு அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து வெண்கட்டி. ஓய்வுபெற்று எத்தனையோ ஆண்டாகியும் ஒரு பெட்டி வெண்கட்டியை அவர் கைவிடவில்லை. இரண்டை அம்மியில் போட்டு நுணுக்கி, மெல்லிய சீலையில் முடிந்து, சந்தேகமான இடங்களில் எல்லாம் தட்டிவிட்டேன். நன்றாகக் காய்ந்த உலோகத்தில் வெண்கட்டித் தூள் பனிபோல ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் பட்ட இடம் சட்டென்று சாம்பல் நிறமாகும். பெற்றோல் ஆவியாகிப் போனாலும் தூள் அந்த இடத்தில் கட்டிபட்டு மெல்லிய மஞ்சள் கறையோடு நிற்கும். கண்ணுக்குத் தப்புகிற திரவத்தை இப்படித்தான் பிடிக்கலாம்.

அடுத்தது காதுக்கு வேலை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காரின் மிகப் பெரிய உதவியே இதுதான். மைனரின் பெற்றோல் பம்ப் எஞ்சினால் ஓடுவதில்லை. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் பூட்டிய மின் பம்ப் அது. சாவியைத் திருப்பியவுடன் "டிக் டிக் டிக்" என்று அடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு டிக்கும் உள்ளே ஒரு சவ்வு ஒரு தடவை துடிப்பது. காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழுந்து ஊசி வால்வை மூடிவிடும், குழாயில் அழுத்தம் நின்றுவிடும், பம்பும் ஓய்ந்துவிடும். எஞ்சின் ஓடாதபோது பெற்றோல் எங்கேயும் போகாவிட்டால் டிக் சத்தமும் வரக்கூடாது. வந்தால் பெற்றோல் எங்கோ போகிறது என்று பொருள். நிறுத்தாமல் படபடவென்று அடித்தால் ஒன்று தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே காற்றை இழுக்கிறது. நிரம்பி நின்றபின் இடைக்கிடை ஒன்று அடித்தால் பம்புக்கு அப்பால் கசிவு, அல்லது பம்பின் உள்வால்வே பின்னுக்கு விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடாமல் சாவியை நீண்ட நேரம் திருப்பி வைத்தால், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் சூடாகிக் கெட்டுப்போகலாம். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய கம்பியைக் கழற்றி, முனையில் நாடா சுற்றி ஒதுக்கிவிட்டேன். பம்புக்கு மின்சாரம் வரும், கொயிலுக்கு வேலை இல்லை. இன்னொன்று: இந்தப் பம்பின் அழுத்தம் மிகக் குறைவு என்பதால்தான் இப்படிப் பக்கத்தில் நின்று கேட்க முடிகிறது. இன்றைய இன்ஜெக்சன் கார்களில் குழாய்க்குள் மூன்று பார் அளவில் அழுத்தம் நிற்கும். அங்கே கசிவு சொட்டாது, பீச்சும். இந்த விளையாட்டை அதில் விளையாட வேண்டாம்.

பூமிக் கம்பியைத் திரும்பப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். பத்துப் பன்னிரண்டு டிக், பிறகு அமைதி. வேப்பமரத்தில் காகம் மட்டும். நாற்பது எண்ணியிருப்பேன்: "டிக்." மறுபடியும் நாற்பது: "டிக்."

உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் மிகை இல்லை. அப்பாவின் மூக்குக்கு முதல் சாட்சி.

டோர்ச்சோடு குனிந்தேன். தேடவே தேவைப்படவில்லை. கராஜில் போட்ட கண்ணாடிக் குழாய் காபரேற்றரில் சேருகிற முனையில் தூள் சாம்பலாகி, அதிலிருந்து ஒரு ஈரக் கோடு கிண்ணத்தின் பக்கமாக இறங்கியிருந்தது. கிளிப்பைத் தொட்டால் விரலோடு சுழன்றது. குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். வாங்கியபோது இடியப்பம்போலத் துவண்டிருக்கும்; இப்போது காய்ந்த முருங்கைக்காய். அந்த வகைப் பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்கிற எண்ணெய்ப் பொருளைப் பெற்றோல் கரைத்து எடுத்துவிடும். எடுத்தபின் குழாய் இறுகிச் சுருங்கும், கிளிப்புக்குப் பிடி இருக்காது. மீன்தொட்டிக்குக் காற்று விட அது நல்ல குழாய். பெற்றோலுக்கு என்றே நூல் பின்னிய ரப்பர் ஓஸ் இருக்கிறது. பிரதான வீதியில் உதிரிப்பாகக் கடையில் அரை மீற்றர் வாங்கி, இரண்டு புதுக் கிளிப்போடு பூட்டினேன். மறுபடியும் தூள், மறுபடியும் சாவி. கிண்ணம் நிரம்பி நின்றபின் பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு டிக்கும் இல்லை. பம்பின் உள்வால்வும் நன்றாக இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்தது.

காரைக் கொட்டகைக்குள் விட்டு, அப்பாவிடம் சாவியைக் கொடுத்து, குழாயைப் பற்றி ஒரு சிறிய பிரசங்கமே செய்தேன். பிளாஸ்டிக், ரப்பர், கரைதிறன் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து வந்தவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பத்திரிகையை எடுத்தார்.

"மணக்கிறதா?"

"நான் ஒன்றும் சொல்லவில்லையே."

பின்னேரம் நான் எடுத்துப் போனேன். மணக்கவில்லை. ஆக, பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தோம். கராஜின் குழாய் நடுவில் வந்து சேர்ந்த இரண்டாவது கசிவு. முதலாவது இன்னும் அப்படியே இருக்கிறது. அது அப்பாவுக்கு மட்டும் தரிசனம் தருகிறது.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். கார் ஒன்று, பெற்றோல் ஒன்று, வீதி ஒன்று. அவர் காலையில் எடுக்கிறார், நான் பின்னேரம் எடுக்கிறேன். காலை மாலை வித்தியாசமாக இருக்குமோ? மறுநாள் காலை ஆறு மணிக்கு நானே எடுத்துப் பார்த்தேன். மணக்கவில்லை. அப்படியென்றால் ஆள்தான் வித்தியாசம். அதற்குமேல் யோசிக்காமல், "அப்பா, நீங்கள் எடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். அவர் ஒரு மணிநேரம் காக்க வைத்தார், எஞ்சின் ஆற வேண்டுமாம். அந்த நிதானம் எனக்கு வராதது.

உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். கியரை அசைத்துப் பார்த்தார். சாவியைத் திருப்பி, பம்ப் அடித்து ஓயும்வரை காத்திருந்தார். பிறகு, கை தன்பாட்டில் போவதுபோலப் போய், ஆறிய எஞ்சினைப் பிடிக்க வைக்கப் பெற்றோலைக் கூட்டுகிற சோக் குமிழை முழுவதுமாக இழுத்தது. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. சோக்கைத் திரும்ப உள்ளே தள்ளாமலே காரை எடுத்தார். இறக்கத்தில் இறங்கி, சந்தியில் ஒரு புள்ளிமான் கூட்டம் கடக்கும்வரை நின்று, அதன்பிறகுதான் பாதி தள்ளினார். அதற்குள் உள்ளே பெற்றோல் மணம் வந்துவிட்டது.

"ஏன் அப்பா இவ்வளவு சோக்? இங்கே விடிகாலையிலும் இருபத்தைந்து பாகைக்குப் பெரிதாகக் குறையாதே?"

"இந்தக் கார் எனக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான்."

எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் சோக்கைத் தொடாமல் இன்னும் இரண்டு சுற்றுக் கூடச் சுற்றுவேன், பிடித்துவிடும். இத்தனை நாளும் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்தக் குமிழ்தான்.

பல கார்களில் சோக் இழுத்தால் காபரேற்றரின் வாய்க்குள் ஒரு தகடு சரிந்து காற்றை மறிக்கும். எஸ்யூ காபரேற்றரில் தகடு கிடையாது. அதில் ஊசி ஒன்று ஜெட் என்ற சிறு துளைக்குள் ஏறி இறங்கிப் பெற்றோலை அளக்கிறது. சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும்; ஊசிக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி அகன்று பெற்றோல் கூடப் போகும். ஜெட்டுக்குப் பெற்றோல் வருவது கிண்ணத்தின் அடியிலிருந்து, பென்சிலைவிட மெல்லிய நைலோன் குழாய் ஒன்றினால். ஜெட் இறங்கும்போது அந்தக் குழாயும் கூடவே வளையும். குழாய் கிண்ணத்துக்குள் நுழைகிற இடத்தில் சிறிய ரப்பர் அடைப்பு ஒன்று, ஒரு பித்தளை வாஷர், அதை அமுக்க ஒரு நட். ரப்பர் உயிரோடு இருந்தால் குழாய் எப்படி அசைந்தாலும் பிடித்துக்கொள்ளும். காய்ந்துபோயிருந்தால், குழாய் அசையாமல் நிற்கும்வரை மட்டும் பிடித்துக்கொள்ளும். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு நான் செய்த பத்து நிமிடச் சோதனை இதை எப்படிக் காட்டும்?

திரும்பி வந்து காரை ஆற விட்டு, பின்னேரம் மறுபடியும் மரத்தடி, மறுபடியும் வெண்கட்டி. இம்முறை அப்பாவும் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், கையில் கடிகாரத்தோடு. சோக் உள்ளே: ஐந்து நிமிடம், ஒன்றும் இல்லை. சோக்கை முழுதும் இழுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு "டிக்." "அறுபத்தெட்டு வினாடி" என்றார் அப்பா. அடுத்தது எழுபத்திரண்டு. அடுத்தது எழுபது. அவர் அதை ஒரு தாளில் எழுதிச் சராசரியும் போட்டார். அது தேவைப்படவில்லை, ஆனாலும் யார் தடுப்பது?

சந்தேகத்துக்கு இரண்டு இடம் இருந்தது. ஜெட் கீழே இறங்கி நிற்கும்போது அதற்கும் அதன் உறைக்கும் நடுவாலும் பெற்றோல் வடியக்கூடும். ஜெட்டின் அடியில் ஒரு துண்டுத் தாள், கிண்ணத்து நட்டின் அடியில் ஒரு துண்டுத் தாள், இரண்டும் ஒட்டாமல் பிடித்தேன். ஜெட்டுக்குக் கீழே பிடித்த தாள் காய்ந்தபடி. நட்டுக்குக் கீழே பிடித்த தாளில் நாணய அளவில் ஒரு ஈரவட்டம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது. சோக்கை உள்ளே தள்ளச் சொன்னேன். வட்டம் விரிவது நின்றது, ஒரு நிமிடத்தில் தாளே காய்ந்துவிட்டது.

கராஜில் "நன்றாக இறுக்கிவிட்டோம்" என்ற நட் அதுதான்.

என் கைக்கு முதலில் தோன்றியதும் இன்னொரு கால் சுற்று இறுக்குவதுதான். செய்யாமல் விட்டது, ஜமாலியா பக்கம் கராஜ் வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் முதலில் கேட்கலாம் என்று தோன்றியதால். பழைய பிரித்தானியக் கார்கள் என்றால் ஊரில் பலர் அவரிடம்தான் போவார்கள். தாளையும் தூளையும் சோக்கையும் பற்றிச் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த நட்டில் ஸ்பானர் வைத்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. அது இறுக்க இறுக்கக் கசியும்."

நட்டை மிதமாகத் திருப்பினால் ரப்பர் அமுங்கி விரிந்து குழாயைச் சுற்றிப் பிடிக்கும். அளவு மிஞ்சினால் ரப்பர் நசுங்கி ஒரு பக்கமாகப் பிதுங்கும், நைலோன் குழாயும் நெரிந்து வட்டம் கெடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஒட்டாது. காய்ந்த ரப்பர் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்த இடத்தை, இறுக்கியவர்கள் நிரந்தரமாகக் கசிய வைத்திருந்தார்கள். யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்குத் திருத்தம் செய்து பழகியவர் நானா. ஆறிக் கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது, ஒரு சின்னப் போத்தலால் கொஞ்சம் பெற்றோல் ஊற்றித்தான் உயிர் கொடுப்பார்களாம். அந்த நாட்களில் இந்த ரப்பருக்குப் பதிலாகத் தான் எதையெல்லாம் வெட்டி வைத்தார் என்று ஒரு பட்டியல் சொன்னார். அதைக் கேட்டு யாரும் செய்து பார்த்துவிடக்கூடாது என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

ரப்பர் மட்டும் தனியாகக் கிடைத்தாலும் குழாய் நெரிந்திருப்பதால் பயனில்லை. ஜெட், குழாய், ரப்பர், நட் எல்லாம் சேர்ந்த தொகுதியாக வாங்க வேண்டும். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடித்து, மைத்துனர் இரவு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். குழாயின் நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றில்லை என்பதால் பழையதை அளந்து சொல்லியிருந்தேன். அப்படியிருந்தும் பொதியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை நம்பிக்கை இல்லை. சரியாக இருந்தது.

பூட்டுவது அரைமணி நேர வேலை. பற்றரிக் கம்பியைக் கழற்றி, கிண்ணத்துப் பெற்றோலை ஒரு தகரத்தில் வடித்து மூடி, தூரமாக வைத்தேன். சோக்கின் இணைப்பைக் கழற்றினால் ஜெட் கீழாக உருவி வந்துவிடும். கிண்ணத்து நட்டைத் திருப்பும்போது எவ்வளவு முரட்டுக் கை அதில் விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. வெளியே வந்த ரப்பர் கறுப்பு உளுந்துத் தோல்போல ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் வெடித்திருந்தது.

புதியதை முதல்முறை நான் பிழையாகப் பூட்டினேன். நட், வாஷர், ரப்பர் என்ற ஒழுங்கில் குழாயில் ஏற்றி, ரப்பரின் விளிம்போடு குழாய் முனையைச் சமமாக நிறுத்தி, அழகாக இருக்கிறது என்று பூட்டிவிட்டேன். சாவியைத் திருப்பியதும் சொட்டு இல்லை, ஓட்டமே வந்தது. அப்பா கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார். சாவியை நிறுத்தி, துடைத்து, ஆவி போகும்வரை இருவரும் வாசலில் போய் நின்று தேத்தண்ணீர் குடித்தோம். நானாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார். ரப்பருக்கு வெளியே குழாய் குறைந்தது ஐந்து மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் அமுங்கும்போது பிடிப்பதற்குக் குழாய் இருக்கும். சமமாக வைத்தால் அது வெறும் வாயைத்தான் பிடிக்கும்.

இரண்டாம் முறை அளவுகோல் வைத்து நீட்டிவிட்டு, நட்டை விரலால் போகும்வரை திருப்பி, அதன்பிறகு ஸ்பானரால் ரப்பர் பிடிப்பதைக் கை உணரும்வரை மட்டும். ஸ்பானரை நெம்புகோலாகப் பிடிக்காமல் பேனாவைப்போல் பிடித்துக்கொள்ளச் சொன்னார் நானா. அப்படிப் பிடித்தால் மிஞ்சி இறுக்கவே வராது. ஜெட்டை ஏற்றியபின், காபரேற்றருக்குள் ஊசியைத் தாங்குகிற பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். அது தடங்கலின்றி விழுந்து "டக்" என்று உலோகத்தில் உலோகம் தட்ட வேண்டும். தட்டியது. இழுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, நடுப்படுத்த வேண்டும். அந்த வேலைக்குத் தேவை வரவில்லை.

கடைசிச் சோதனை அப்பா முன்னிலையில். சோக் உள்ளே பத்து நிமிடம், சோக் வெளியே பத்து நிமிடம், பிறகு சோக்கை இருபது தரம் இழுத்துத் தள்ளிவிட்டு இன்னொரு பத்து நிமிடம். கடிகாரம் அவர் கையில். அந்த அரைமணி நேரமும் பம்ப் வாய் திறக்கவில்லை. கொயில் கம்பியைத் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தேன், சோக் இல்லாமலே பிடித்தது. "இனிச் சோக் இழுக்கத் தேவையில்லை அப்பா" என்றேன். தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை அவர் கோவிலுக்குப் புறப்பட்டபோது நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப் ஓயும்வரை காத்திருந்தார், சோக்கை முழுவதுமாக இழுத்தார், போனார். திரும்பி வந்து, "நானா நன்றாகச் செய்திருக்கிறார்" என்றார்.

வேலை முழுதாக முடியவில்லை. கிண்ணத்தை வடித்தபோது அடியில் செம்மண்போல ஒரு கரண்டி துரு கிடந்தது. உப்புக் காற்றும் பாதி வெறுமையாய்க் கிடந்த தாங்கியும் சேர்ந்து செய்த வேலை. அந்தத் துருவில் ஒரு துகள் ஊசி வால்வில் சிக்கினால் கிண்ணம் நிரம்பி வழியும், இந்தக் கதை வேறு இடத்தில் தொடங்கும். இப்போதைக்குத் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சிறிய வடிகட்டி போட்டிருக்கிறேன். இரண்டு வாரத்தில் அதன் உள்தாள் காவி நிறமாகிவிட்டது. தாங்கியை இறக்கிக் கழுவ வாடைக்கு முன் ஒரு சனிக்கிழமை பார்க்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா புதிதாக ஒரு பெட்டி வெண்கட்டி வாங்கி வைத்திருக்கிறார்.